இடிந்த ஊரில் காத்திருக்கும் காலம்: எந்த வழி குடும்பங்களைத் திரும்பக் கொண்டுவருகிறது?

பெருநகரம் ஒன்றில் வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால், முதல் பத்து நாளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். சோறு, தண்ணீர், பாய், போர்வை, மருந்து. முன்பின் தெரியாதவர்கள்கூட வண்டி பிடித்து வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். இரண்டாவது வாரம் முடிகிற நேரத்தில்தான் கஷ்டமான கேள்வி வரும். பள்ளிக்கூடத்தைத் திறக்க வேண்டும். வகுப்பறைகளில் படுத்திருக்கும் குடும்பங்களை எங்கே அனுப்புவது?

இதற்குப் பெரும்பாலும் அவசரத்தில் ஒரு பதில் கிடைத்துவிடும். எங்கே காலி நிலம் இருக்கிறது, எங்கே கட்டி முடித்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று பார்த்து அங்கே அனுப்பிவிடுவார்கள். தற்காலிகம்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்வதும் நடக்கும். ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளில் இடிந்து எழுந்த நகரங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. நிரந்தர வீடு எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டது என்பதைவிட, அது கட்டி முடியும்வரை அந்தக் குடும்பம் எங்கே, யாருக்குப் பக்கத்தில் இருந்தது என்பதுதான் பெரிய விஷயம். அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வேலை போகிறது, பிள்ளையின் படிப்பு போகிறது, அக்கம்பக்கம் போகிறது. அப்புறம் வீடு வந்து என்ன?

அரசின் முன்னால் பொதுவாக நான்கு வழிகள் இருக்கும். நகரத்துக்கு வெளியே குடியிருப்பு கட்டி அங்கே அனுப்புவது ஒன்று. இடிந்த இடத்திலேயே அரசு கட்டிக் கொடுப்பது இன்னொன்று. பணத்தைத் தவணையாகக் கொடுத்து, வீட்டுக்காரரையே கட்டிக்கொள்ளச் சொல்வது மூன்றாவது. ஆபத்தான நிலத்தை அரசே விலைக்கு வாங்கிக்கொண்டு, குடும்பங்களை அவரவர் வழியில் போகவிடுவது நான்காவது. நான்கையும் உலகில் எங்கெங்கோ செய்து பார்த்துவிட்டார்கள். யாருக்கு எது நல்லதாக முடிந்தது, யார் வெளியே விழுந்தார்கள் என்பதைப் பார்த்தால்தான் நம் ஊருக்கு எது பொருந்தும் என்று சொல்ல முடியும்.

கோபே: நல்ல எண்ணத்தோடு செய்த தவறு

1995 ஜனவரி 17, விடியற்காலை 5.46. ஜப்பானின் கோபே நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் நிலநடுக்கம் உலுக்கியது. 6,434 பேர் இறந்தார்கள். பள்ளிகளிலும் மண்டபங்களிலும் தங்கியவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். நாகதா என்ற பகுதியில் மர வீடுகளும் சின்னச் சின்னச் செருப்புப் பட்டறைகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. அங்கே தீ பிடித்துத் தெருத்தெருவாக எரிந்தது.

பணத்துக்கும் திறமைக்கும் குறைவில்லாத நாடு. சுமார் ஏழு மாதத்தில் 48,300 தற்காலிக வீடுகளைக் கட்டி முடித்தார்கள். நம் ஊரில் இந்த வேகத்தை நினைத்துப் பார்க்கவே முடியாது. யாருக்கு முதலில் கொடுப்பது என்றும் யோசித்தார்கள். முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள் ஆகியோருக்கு முன்னுரிமை. மற்றபடி குலுக்கல். சிபாரிசு கிடையாது, லஞ்சம் கிடையாது. இதைவிட நேர்மையாகச் செய்ய முடியுமா என்றுதான் முதலில் தோன்றும்.

சிக்கல் அதற்குள்ளேயே இருந்தது. கோபே, ரொக்கோ மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நாடா போல நீண்டு கிடக்கும் நகரம். உள்ளே காலி நிலம் கிடையாது. அதனால் வீடுகளில் பெரும்பகுதி புறநகர் மேடுகளிலும் கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவுகளிலும் அமைந்தன. குலுக்கலில் விழுந்த இடத்துக்குப் போக வேண்டும். நாற்பது வருடம் ஒரே தெருவில் இருந்த ஆறு கிழவிகள் ஆறு திசைக்குப் போனார்கள் என்றால் மிகையில்லை. முன்னுரிமை முதியவர்களுக்கு என்பதால், முதலில் நிரம்பிய குடியிருப்புகளில் வரிசை வரிசையாக முதியவர்கள் மட்டுமே. ஒருவரை ஒருவர் தெரியாது. வழக்கமாகப் போகும் மருத்துவர் இல்லை, குளிக்கப் போகும் பொதுக் குளியலறை இல்லை, தினமும் பேச்சுக் கொடுக்கும் கடைக்காரர் இல்லை.

யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குள் இறந்துபோய், சில நாள் கழித்துக் கண்டுபிடிக்கப்படுவதை ஜப்பானியர்கள் 'கொதோகுஷி' என்பார்கள். தனிமைச் சாவு. அந்தச் சொல் நாடு முழுக்கப் பரவியது இந்தத் தற்காலிக வீடுகளால்தான். 2000ஆம் ஆண்டு வாக்கில் கடைசிக் குடும்பம் வெளியேறுவதற்குள் 200க்கும் மேற்பட்டவர்கள் அப்படி இறந்திருந்தார்கள். நிலநடுக்கத்திலிருந்து தப்பியவர்கள் இவர்கள். தலைக்கு மேல் கூரையும் இருந்தது. இந்த எண்ணிக்கையைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனத்துப்போகிறது.

அப்புறம் நிரந்தர வீடு. உயரமான அடுக்குமாடிகள், மறுபடியும் குலுக்கல். தற்காலிக வீட்டில் கஷ்டப்பட்டு உண்டாக்கிக்கொண்ட பழக்கமும் இரண்டாவது தடவை கலைந்தது. தனிமைச் சாவுகள் அங்கேயும் தொடர்ந்தன.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். கோபேயில் பணமாகக் கொடுக்கும் வழி ஏன் இல்லை? தனியார் சொத்துக்குப் பொதுப்பணத்தைக் கொடுக்கக் கூடாது என்பது அப்போது ஜப்பான் அரசின் கொள்கை. ஒரு தற்காலிக வீட்டைக் கட்டி, சில வருடத்தில் பிரித்துப் போடப் பல லட்சம் யென் செலவழிக்கலாம். அதே பணத்தை இடிந்த வீட்டைச் சரிசெய்ய அந்தக் குடும்பத்திடம் கொடுக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர்களும் குடிமக்கள் அமைப்புகளும் விடாமல் போராடிய பிறகு 1998இல் ஒரு சட்டம் வந்தது. முதலில் 10 லட்சம் யென் வரையும், 2004இல் திருத்திய பிறகு 30 லட்சம் யென் வரையும் கொடுக்க வழி பிறந்தது. கோபே மக்களுக்கு அது உரிய நேரத்தில் கிடைக்கவில்லை.

தவறிலிருந்து ஜப்பான் கற்றுக்கொண்டது என்பதையும் மறைக்கக் கூடாது. 2004 அக்டோபரில் நீகாதா மாகாணத்தில் நிலநடுக்கம் வந்து யமகோஷி என்ற மலைக்கிராமம் முழுக்க வெளியேற நேர்ந்தது. 2,000 பேருக்குச் சற்று அதிகம். அவர்களை நாகஓகா நகரத்தில் தற்காலிக வீடுகளில் வைத்தபோது, குக்கிராமம் குக்கிராமமாகச் சேர்த்து வைத்தார்கள். பழைய பக்கத்து வீட்டுக்காரர் புதிய இடத்திலும் கூப்பிடு தூரத்தில். சில ஆண்டுகள் கழித்துப் பெரும்பாலான குடும்பங்கள் மலைக்குத் திரும்பின. வீடு அதே மாதிரித் தகர வீடுதான். பட்டியல் போட்ட விதம்தான் மாறியது.

மெக்சிகோ நகரம்: தெருவை விட்டு நகராதவர்கள்

எனக்குப் பிடித்த உதாரணம் இது. குறைகள் இருந்தும்.

1985 செப்டம்பர் 19, காலை 7.19. மெக்சிகோ நகரம் பழைய ஏரிப் படுகையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நிலநடுக்கத்தின் மையம் பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் பசிபிக் கரையோரத்தில் இருந்தாலும், அந்தச் சேற்று மண் அதிர்வைப் பெருக்கிக் கட்டடங்களை ஆட்டியது. பல ஆயிரம் பேர் இறந்தார்கள். மறுநாள் மாலை இன்னொரு பெரிய அதிர்வு.

நகரத்தின் நடுவே தெபித்தோ, மொரேலோஸ், கெர்ரேரோ போன்ற பழைய பேட்டைகளில் 'வெசிந்தாத்' என்ற குடியிருப்புகள் உண்டு. நடுவில் முற்றம், சுற்றிலும் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, பொதுவில் தண்ணீரும் கழிவறையும். நம் ஊர் ஒண்டுக்குடித்தன வீடுகளை நினைத்துக்கொள்ளலாம். 1940களில் அரசு வாடகையை உறையவைத்துவிட்டதால் வாடகை மிகக் குறைவு. அதனால் வீட்டுச் சொந்தக்காரர்கள் பராமரிப்பதில்லை. எப்போது இவர்கள் காலி செய்வார்கள், எப்போது இடித்துவிட்டுக் கடைகள் கட்டலாம் என்று காத்திருந்தவர்கள் உண்டு. நிலநடுக்கம் அந்த வாய்ப்பைக் கொடுத்தது.

குடித்தனக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முகாமுக்குப் போனால் திரும்பி வர முடியாது. அதனால் இடிந்த வீட்டின் முன்னாலேயே தெருவில் தார்ப்பாயும் தகரமும் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சங்கம் சேர்ந்தார்கள், ஊர்வலம் போனார்கள். ஒரு மாதம் ஆவதற்குள், 1985 அக்டோபரில், குடியரசுத் தலைவர் மிகெல் தெ லா மாத்ரித் அந்த மனைகளை அரசுடைமை ஆக்கினார். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மனைகள். அவற்றில் கட்டுவதற்கென்றே தனியாக ஒரு நிறுவனத்தை அரசு அமைத்தது. அதற்கு ஆயுளே இரண்டு வருடம்தான். 1986 மே மாதம் குடியிருப்போர் சங்கங்களோடு உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 1987க்குள் 40,000க்கும் அதிகமான வீடுகள் அதே இடத்தில் எழுந்துவிட்டன. ஏறத்தாழ 40 சதுர மீட்டர், இரண்டு அறை, சமையலறை, தனிக் கழிவறை. முற்றத்தை விட்டுவிடவில்லை. குறைந்த தவணையில் கடன் கட்டி, வாடகைக்கு இருந்தவர்களே சொந்தக்காரர் ஆனார்கள்.

இந்த இடைப்பட்ட காலத்தில் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறேன். பக்கத்துத் தெருவிலும் பூங்காவிலும் அரசு தகரக் கொட்டகை போட்டது. வேண்டாம் என்பவர்களுக்கு வாடகைப் பணம் கொடுத்தது. கோபே வீடுகளோடு ஒப்பிட்டால் அந்தக் கொட்டகைகள் மிக மோசம். வெயிலில் கொதிக்கும், மழையில் சத்தம். ஆனால் காலையில் எழுந்து அதே சந்தையில் கடை போடலாம். பிள்ளை அதே பள்ளிக்கு நடந்து போகலாம். தன் வீட்டு அஸ்திவாரம் எப்படிப் போடுகிறார்கள் என்று தினமும் போய்ப் பார்த்துச் சண்டையும் போடலாம். கட்டுகிறவர் கண்முன்னே வீட்டுக்காரர் நின்றால் வேலை நடக்கும் என்பது வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும்.

குறைகள்? மனை கையகப்படுத்தப்பட்ட பட்டியலுக்குள் வராத தெருக்களில் இருந்தவர்கள் அடுத்த கட்டத் திட்டத்துக்காகக் காத்திருக்க நேர்ந்தது. வீடு கிடைத்தாலும் வேலை போனவர்களுக்கு அது போதவில்லை. சான் அந்தோனியோ அபாத் சாலையில் இடிந்த ஆயத்த ஆடை ஆலைகளின் தையல் பெண்கள் இழப்பீட்டுக்காகத் தனிச் சங்கமே தொடங்கிப் போராட வேண்டியிருந்தது. இந்த வழிக்கு மிகப் பெரிய விலை அரசியல் துணிச்சல்: நகரத்தின் நடுவில் விலை ஏறும் நிலத்தைச் சொந்தக்காரரிடமிருந்து எடுத்து, ஏழைக் குடித்தனக்காரருக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு எத்தனை அரசுகள் தயார்?

புஜ்: பணம் கையில், நிலம் வரைபடத்தில்

2001 ஜனவரி 26, குடியரசு நாள் காலை 8.46. குஜராத்தில் நிலநடுக்கம் வந்து ஏறத்தாழ 13,800 பேர் இறந்தார்கள். கச்சு மாவட்டத்தின் புஜ், அஞ்சார், பச்சாவ், ராப்பர் ஆகிய நான்கு ஊர்களுக்கும் பலத்த சேதம்.

அதற்கு ஏறத்தாழ ஏழு ஆண்டுகளுக்கு முன், 1993 செப்டம்பர் 30 அன்று, மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது 52 கிராமங்களை மொத்தமாக வேறு இடத்தில் கட்டிக் கொடுத்தார்கள். நேர்க்கோட்டுத் தெருக்கள், சிமென்ட் வீடுகள். வயலும் மாட்டுக்கொட்டிலும் தூரமாகப் போயின, பழைய உறவுக்காரத் தெருக்கள் பிரிந்தன. குஜராத்திலும் முதலில் கிராமங்களை இடம் மாற்றும் பேச்சு எழுந்தது. மக்கள் ஏற்கவில்லை. அதனால் கிராமங்களில் முக்கிய வழி வேறாக மாறியது: பணத்தைத் தவணையாக வங்கிக் கணக்கில் போடுவது, வீட்டுக்காரர் கட்டிக்கொள்வது, ஒவ்வொரு கட்டத்திலும் பொறியாளர் வந்து நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டியிருக்கிறார்களா என்று பார்த்த பிறகு அடுத்த தவணை. கொத்தனார்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். கிராமங்களில் இது நன்றாகவே வேலை செய்தது. கட்டும் காலத்திலும் குடும்பம் தன் மனையிலேயே ஒரு கொட்டகையில் இருந்தது, மாடு கன்றோடு.

நகரத்துக்குள் வந்ததும் கதை மாறுகிறது. புஜ் கோட்டைக்குள் சந்துகள் மிகக் குறுகல். ஓடியவர்கள் மேலேயே இருபுறமும் சுவர் விழுந்தது. அதே சந்துகளை அதே மாதிரித் திரும்பக் கட்ட விட்டால் அடுத்த நிலநடுக்கத்திலும் அதே சாவுதான். எனவே திட்டம் முடியும்வரை கட்டக் கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். ஒவ்வொரு மனையிலிருந்தும் ஒரு பங்கு எடுத்துச் சாலையை அகலப்படுத்தி, மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும் நகரமைப்புத் திட்டம் போட்டார்கள். சின்ன மனையிலிருந்து குறைவாகவும் பெரிய மனையிலிருந்து அதிகமாகவும் எடுத்தார்கள். மனைக்காரர்களைக் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். விரும்பியவர்களுக்கு ஊருக்கு வெளியே முந்த்ரா சாலை, ராவல்வாடி போன்ற இடங்களில் மனை கிடைத்தது. இந்தியாவில் ஒரு பழைய நகரத்தை இந்த அளவுக்குப் பொறுமையாக மாற்றியமைத்தது பெரிய காரியம். இன்று புஜ்ஜுக்குள் அகலமான சாலைகள் இருக்கின்றன.

ஆனால் அதற்கு ஆண்டுகள் பிடித்தன. காத்திருந்த காலத்தில் கோட்டைக்குள் கடை வைத்திருந்தவர்கள் வெளியே தகரக் கொட்டகையில் பிழைத்தார்கள். இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று: இந்த ஏற்பாடு முழுவதும் மனை வைத்திருப்பவரைச் சுற்றியே இருந்தது. வாடகைக்கு இருந்தவருக்கு மனை இல்லை, எனவே தவணையும் இல்லை, வரைபடத்தில் இடமும் இல்லை. மற்றவர்கள் வீடு கட்டிக் குடியேறிய பிறகும் அவர்களில் பலர் தற்காலிகக் கொட்டகைகளிலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். மெக்சிகோ நகரம் யாரை மையமாக வைத்ததோ, அவர்களைத்தான் புஜ் தவறவிட்டது.

கிறைஸ்ட்சர்ச்: விலை கொடுத்து மூடிய தெருக்கள்

நான்காவது வழியைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்தில் 185 பேர் இறந்தார்கள். ஏவன் ஆற்றங்கரையோர மண் சேறாக இளகி வீடுகள் அமிழ்ந்தன. நான்கு மாதத்தில் அரசு அறிவித்தது: இந்தப் பகுதி 'சிவப்பு மண்டலம்', இங்கே இனி வீடு வேண்டாம், 2007ஆம் ஆண்டு அரசு மதிப்பில் நாங்களே வாங்கிக்கொள்கிறோம். ஏறத்தாழ 8,000 வீடுகள் இப்படிப் போயின. மண்ணே நம்ப முடியாததாகிவிட்ட இடத்தில் இது தெளிவான, வேகமான முடிவு. பணம் கையில் வந்ததால் காத்திருக்கும் காலமும் குறைந்தது.

காப்பீடு இல்லாதவர்களுக்கு மட்டும் நில மதிப்பில் பாதிதான் என்றார்கள். அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2015இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் பேசியது. அக்கம்பக்கம் கலைவதை இந்த வழியில் தடுக்கவே முடியாது. தெளிவான பத்திரமும் காப்பீடும் உள்ள ஊருக்குத்தான் இது முழுதாகப் பொருந்தும். புறம்போக்கில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பத்துக்கு எந்த மதிப்பில் விலை கொடுப்பது?

சென்னைக்கு எது?

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2015 டிசம்பர் 1 மழையில் அடையாறு பெருகியது. வெள்ளம் வடிந்தபின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெற்குப் புறநகரில் இருக்கும் பெரும்பாக்கத்துக்கும் எழில் நகருக்கும் போயின. அங்கே வீடுகள் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தன. 2004 சுனாமிக்குப் பின் கடற்கரைக் குடும்பங்கள் செம்மஞ்சேரிக்குப் போனதும் இதே வழிதான். நான்கு வழிகளில் முதலாவது.

இந்த முடிவுக்கு ஒரு நியாயம் உண்டு, அதை மதிக்கிறேன். கோபேயிலும் புஜ்ஜிலும் நிலம் ஆடியது ஒருமுறை. ஆற்றங்கரையில் தண்ணீர் திரும்பத் திரும்ப வரும். ஆற்றின் வாய்க்குள்ளேயே இருக்கும் குடிசையை அதே இடத்தில் கட்டிக் கொடுப்பது, அடுத்த வெள்ளத்துக்கு ஆளை நிறுத்துவதற்குச் சமம். மெக்சிகோ வழியை அப்படியே எடுத்து அடையாற்றங்கரையில் வைக்க முடியாது. சரி.

ஆனால் பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். மழைக்காலத்தில் அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. வெள்ளத்திலிருந்து காப்பாற்ற என்று சொல்லி வெள்ளம் நிற்கும் இடத்துக்கு அனுப்பினால், முதல் வழிக்கு இருந்த ஒரே நியாயமும் போய்விடுகிறது.

தூரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சைதாப்பேட்டைப் பக்கம் ஆற்றோரம் இருந்த ஒரு பெண், கோட்டூர்புரத்தில் மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டுக்குக் காலை ஆறரைக்குப் போக வேண்டும். நடந்து போய் வந்தவர். நடுவில் பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து சோறு வடித்து வைத்துவிட்டு மறுபடி போனவர். பெரும்பாக்கத்திலிருந்து அதே வேலைக்கு விடியற்காலை நாலரைக்கு எழுந்து பஸ் பிடிக்க வேண்டும். நடுவில் வீட்டுக்கு வர முடியாது. பள்ளி விட்டு வரும் பெண் குழந்தையை யார் பார்ப்பது? இரண்டு மாதத்தில் ஒரு வீட்டு வேலையை விடுவார், அப்புறம் இன்னொன்று. கடைசியில் வீட்டைப் பூட்டிவிட்டோ யாருக்காவது உள்வாடகைக்கு விட்டோ பழைய இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையைத் தேடிக்கொள்வார். அரசு வாரியம் கட்டிக் கொடுத்த போர்டு வீடுகள் பூட்டிக் கிடப்பதைப் பார்த்து 'கொடுத்தாலும் இருக்க மாட்டேன் என்கிறார்கள்' என்று சொல்பவர்கள் இந்த நாலரை மணியை நினைக்க வேண்டும்.

கோபேயின் முதியவர்களுக்கு ஆனதும் இதுவும் வேறு வேறு மாதிரித் தெரியலாம். எனக்கு ஒரே விஷயமாகத்தான் படுகிறது. ஒரு வீட்டை எண்ணிக்கையில் சேர்த்தார்கள், அந்த வீட்டிலிருந்து ஒருவர் நாள் முழுக்க எங்கெல்லாம் போய்வருகிறார் என்பதைச் சேர்க்கவில்லை.

எனவே என் தேர்வு இப்படி. இடிந்தது பட்டா உள்ள வீடு, மண் பாதுகாப்பானது என்றால் புஜ் வழி: பணத்தைத் தவணையாகக் கொடுத்து, பொறியாளரை அனுப்பி, அவர்களையே கட்டவிடுவது. அங்கே வாடகைக்கு இருந்தவருக்குத் தனி ஏற்பாடு அந்தத் திட்டத்தில் முதல் நாளே இருக்க வேண்டும்.

இடிந்தது நெரிசலான குடித்தன வீடு அல்லது பழைய போர்டு குடியிருப்பு என்றால் மெக்சிகோ வழி. குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கிய காலத்தில், இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுப்பதுதான் அதன் பழக்கமாக இருந்தது. சென்னைக்கு இது புதிதல்ல. நகரத்தின் நடுவில் அந்தக் குடியிருப்புகளில் இன்னும் மக்கள் இருக்கிறார்கள், வேலைக்கு நடந்து போகிறார்கள்.

உண்மையிலேயே ஆற்றின் வழியில் இருக்கும் குடும்பங்களை மட்டும் நகர்த்தலாம். அதற்கும் மூன்று நிபந்தனை வைப்பேன். இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் அரசு நிலம் இல்லை என்று காட்டிய பிறகுதான் தூரத்தைப் பற்றிப் பேச வேண்டும். தெருவைத் தெருவாகவே நகர்த்த வேண்டும், யமகோஷி மாதிரி. குலுக்கலை வைத்தே ஆக வேண்டும் என்றால் எந்தத் தெருவுக்கு எந்தக் கட்டடம் என்பதற்கு மட்டும் குலுக்கட்டும். பள்ளி ஆண்டின் நடுவே நகர்த்தவே கூடாது. பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது பிள்ளையைப் பள்ளி மாற்றினால் அந்தப் படிப்பு பெரும்பாலும் அதோடு முடிந்துவிடுகிறது.

கரையில் யார் இருக்கலாம் என்பதற்கான அளவுகோலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். வெள்ளம் வரும் கோட்டுக்குள் இருப்பது குடிசையா, மாடி வீடா, பெரிய கட்டடமா என்று ஆறு பார்ப்பதில்லை. நியூ ஆர்லியன்ஸில் 2005 கேத்ரினா புயலுக்குப் பின், தாழ்வான சில பகுதிகளைப் பூங்காவாக்கலாம் என்று பச்சை வட்டம் போட்ட ஒரு வரைபடம் 2006 ஜனவரியில் செய்தித்தாளில் வந்தது. அங்கே குடியிருந்தவர்களில் பலர் அப்போது ஊரிலேயே இல்லை. தங்கள் தெரு வட்டத்துக்குள் இருப்பதைப் பத்திரிகை பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். எழுந்த கோபத்தில் அந்தத் திட்டமே நின்றுபோனது. எந்த இடம் உண்மையில் ஆபத்து என்று நிதானமாகப் பேசும் வாய்ப்பும் கூடவே போயிற்று. வரைபடம் தவறாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதைக் காட்டிய விதம் எல்லாவற்றையும் கெடுத்தது.

பள்ளிக்கூடம் திறக்கும் நாள் கேள்விக்கு என்ன பதில்? இடைக்காலத்துக்கு வாடகைப் பணமும், அதே வட்டாரத்தில் கொட்டகைகளும் இரண்டும் வேண்டும் என்பேன், குடும்பமே தேர்ந்துகொள்ளட்டும். வாடகைப் பணம் மட்டும் போதாது. பேரிடருக்குப் பின் நகரத்தில் வாடகை ஏறும், அட்வான்ஸ் கேட்பார்கள், பெரிய குடும்பத்துக்கு வீடு கொடுக்க மாட்டார்கள். ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பின் தனியார் வாடகை வீடுகளையே தற்காலிக வீடாகப் பெருமளவில் பயன்படுத்தினார்கள். வேகமாகக் கூரை கிடைத்தது. ஆனால் குடும்பங்கள் ஊர் ஊராகச் சிதறியதால் உதவி செய்யப் போனவர்களால் அவர்களைக் கண்டுபிடிப்பதே கஷ்டமாக இருந்தது. கொட்டகை மட்டும் என்றாலும் சரிவராது. அது இரண்டு ஆண்டில் பிரிக்கப்படும் என்ற தேதியும், அதற்குள் வீடு முடியாவிட்டால் யார் பொறுப்பு என்ற பெயரும் முதல் நாளே அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும்.

இதில் பாதி வேலையை மழைக்கு முன்பே செய்துவிடலாம். ஆற்றங்கரை வார்டு ஒவ்வொன்றிலும் வாடகைக்கு இருப்பவர்கள் உட்பட யார் யார் இருக்கிறார்கள், எங்கே வேலை, பிள்ளைகள் எந்தப் பள்ளி என்ற பட்டியல். பக்கத்திலேயே கொட்டகை போடக்கூடிய விளையாட்டுத் திடல்கள், அரசு வளாகங்கள். பட்டியலைத் தெருக்காரர்களே படித்துப் பார்த்து விட்டுப்போன பெயர்களைச் சேர்க்க ஒரு நாள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.